கொழுப்பைக் கரைப்பது மாவா, நடையா?

அண்மைக்காலமாக எமது கிராமங்களின் படலை வரை ஒரு புதிய வியாபாரம் வருகின்றது. "பெப்டைட் கலந்த மா இது. கரைத்துக் குடித்துவிட்டு நடந்தால் கொழுப்பு இரண்டு மடங்கு கரையும்" என்று சொல்லிப் பேணிகளை விற்கின்றார்கள். கையில் காசில்லை என்றால் தவணையும் உண்டு. ஏற்கெனவே நுண்கடன் கட்டிக்கொண்டிருக்கும், குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்களும் இதை வாங்குகின்றார்கள்.

உடல் பருத்தது அவர்களின் குற்றமன்று. இடம்பெயர்ந்த காலத்தில் நிவாரணமாகக் கிடைத்தவை பெரும்பாலும் அரிசி, மா, சீனி, பருப்பு. அந்தச் சாப்பாட்டு முறை பலரிடம் நிலைத்துவிட்டது. வயலில் நின்றவர்கள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்துவிட்டார்கள்.

பெப்டைட் என்பது என்ன?

புரதத்தை ஒரு மணிமாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிகள்தான் அமினோ அமிலங்கள். மாலை அறுந்த சிறு துண்டே பெப்டைட். பயறு, மீன், முட்டை எதைச் சாப்பிட்டாலும் எமது குடல் அதை இவ்வாறே துண்டுகளாக்கி, பின் மணிகளாக்கி உறிஞ்சுகின்றது. பேணியில் உள்ளதும் இதே வழியில்தான் செல்கின்றது. சில சிறிய ஆய்வுகள் இத்தகைய மாவால் சிறு மாற்றம் ஏற்பட்டதாகக் கூறினாலும், "இரண்டு மடங்கு" என்பதற்கு ஆதாரமில்லை.

நீரிழிவுக்குப் போடும் இன்சுலினும் ஒரு பெப்டைட்தான். விழுங்கினால் வயிறு அதைச் சிதைத்துவிடும். ஆகவேதான் 1922 முதல் அது ஊசியாக ஏற்றப்படுகின்றது. எடை குறைப்புக்கென 2021இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட செமக்ளுடைட் ஊசியும் பெப்டைட் வகையே. அது முக்கியமாகப் பசியைக் குறைக்கின்றது. வைத்தியரின் கண்காணிப்பில் பாவிக்க வேண்டிய அந்த மருந்து வேறு, இந்த மா வேறு.

கொழுப்பு எப்படி எரிகின்றது?

நடக்கும்போது அட்ரினலின் சுரக்கின்றது. சேமிப்பில் இருந்த கொழுப்பு உடைந்து, இரத்தத்தின் வழியே தசைகளுக்குச் சென்று அங்கே எரிகின்றது. நடப்பதற்குச் சற்று முன் இனிப்பு உட்கொண்டால் இன்சுலின் கூடி, இந்த எரிதல் குறைகின்றது. சீனி சேர்த்த மா எதிர்மாறான வேலையைத்தான் செய்யும்.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி உண்டு. 60 கிலோ எடையுள்ள பெண் அரை மணி நேரம் விரைந்து நடந்தால் ஏறக்குறைய 120 கலோரியே செலவாகும். ஆகவே "மாதம் பத்துக் கிலோ" என்பது பொய்க் கணக்கு. நாளுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால், அந்தச் சீனியை விடுவதே ஏறத்தாழ அரை மணி நடைக்குச் சமன்.

அவதானம் தேவை

உடல் மெலிவதற்கென்று விற்கப்பட்ட சில பொருட்களில் சிபுட்ரமின் என்ற மருந்து மறைத்துக் கலக்கப்பட்டிருந்தமை வெளிநாடுகளில் கண்டறியப்பட்டது. இதயத்துக்கும் மூளை இரத்தக் குழாய்களுக்கும் ஆபத்தென்பதால் 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. மாவை நம்பி நீரிழிவு, பிரஷர் குளிசைகளை நிறுத்துவது அதைவிட ஆபத்தானது.

நாம் செய்யக்கூடியவை

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்களாவது விரைந்த நடை போன்ற மிதமான உடலசைவு தேவை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. தனியே நடக்கத் தயக்கமெனில் அயலில் மூன்று நான்கு பேர் சேர்ந்து நடக்கலாம். கால் இழந்த சகோதரிகள் கதிரையில் இருந்தபடி தண்ணீர் நிரப்பிய போத்தல்களைத் தூக்கி இறக்கலாம். நீரிழிவுக்கு மருந்தெடுப்பவர்கள் வெறுவயிற்றில் நடக்கக் கூடாது.

புரதத்துக்குப் பயறு, கௌபி, நெத்தலி, முட்டை இருக்கின்றன. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து இவற்றைச் சேர்த்தால் பசி அடங்கும், தசையும் காக்கப்படும்.

இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டு, சுகவனிதையர் கிளினிக்குக்குச் செல்லுங்கள். அங்கே பிரஷரும் சீனியும் இலவசமாகப் பரிசோதிக்கப்படும். கடன்பட்டு வாங்கும் பேணி தராத நன்மையை உங்கள் கால்களும் கைகளும் தரும். அடுத்த முறை விற்பனையாளர் படலையில் நின்றால், அந்தத் தவணைக் காசைப் பிள்ளைகளின் முட்டைக்கென்று எடுத்து வையுங்கள்.