கொதிநீராவியும் சூடான காற்றும்: கனலடுப்பில் வெப்ப இடமாற்றம்



வெப்பம் பற்றி நீங்கள் கற்றவை அனைத்தும் ஒரே பெட்டிக்குள் நிகழ்வதைக் காண வேண்டுமா? கொதிநீராவியும் காற்றோட்டமும் சேர்ந்த மின் கனலடுப்பைப் பாருங்கள். உங்கள் வீட்டில் அது இல்லாதிருக்கலாம். ஆயினும் பிட்டுப் பானையையும் பேக்கரிப் போறணையையும் நீங்கள் அறிவீர்கள். பானை ஆவியால் அவிக்கிறது. போறணை உலர் வெப்பத்தால் வேகவைக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாக்கியதே இக்கனலடுப்பு.

முதலில் ஒரு வினா. 200 பாகை செல்சியசிலுள்ள உலர் கனலடுப்பைத் திறக்கும்போது கையில் சூடான காற்று படுகிறது; கையை உடனே எடுத்தால் பெரும்பாலும் காயம் ஏற்படுவதில்லை. ஆனால் 100 பாகையில் ஆவி வரும் பிட்டுப் பானையின் மூடியைத் திறந்தவுடன் கை வெந்துவிடுகிறது. வெப்பநிலை குறைந்த ஆவி ஏன் கூடுதலாகச் சுடுகிறது? இதற்கு விடை தெரிந்தவர் பரீட்சையில் புள்ளி பெறுவார். அடுப்படியில் தன் கையையும் காப்பார்.

1. வெப்பம் செல்லும் மூன்று வழிகள்

நண்பகலில் புல்மோட்டைக் கடற்கரையில் வெறுங்காலுடன் நின்றால் மூன்றையும் உணரலாம். இல்மனைற்று கலந்த கரிய மணல் சூரியனின் கதிர்வீசலை நன்கு உறிஞ்சிச் சூடாகிறது. மணலிலிருந்து பாதத்துக்கு வெப்பம் கடத்தலால் வருகிறது. தரைக்கு மேலுள்ள காற்று சூடாகி எழ, கடலிலிருந்து குளிர்ந்த காற்று அவ்விடத்துக்கு வருகிறது. இக்கடற்காற்று மேற்காவுகையின் விளைவாகும்.

கனலடுப்பிலும் இவ்வாறே. சூடான சுவரிலிருந்து கதிர்வீசலும், தட்டிலிருந்து கடத்தலும், காற்றினால் மேற்காவுகையும் நிகழ்கின்றன. உள்ளேயுள்ள விசிறி காற்றை வலிந்து சுழற்றுவதால், உணவைச் சூழ்ந்துள்ள குளிர்ந்த ஈரமான படை அகற்றப்படுகிறது. ஆகையால் சாதாரண கனலடுப்புக்குக் கூறப்பட்ட வெப்பநிலையிலும் ஏறத்தாழ 20 பாகை குறைத்து வைக்கலாம். விசிறியைத் தட்டினால் மறைக்காதீர்கள். தட்டுகளுக்கிடையே இடைவெளி விடுங்கள்.

2. கொதிநீராவியின் மறை வெப்பம்

நீரின் ஆவியாதலின் தன்மறை வெப்பம் கிராமுக்கு ஏறத்தாழ 2260 யூல். நீரின் தன்வெப்பக் கொள்ளளவு கிராமுக்குப் பாகைக்கு 4.2 யூல். உடல் வெப்பநிலை 37 பாகை எனக் கொள்வோம்.

கொதிநீர் 1 கிராம் 100 பாகையிலிருந்து 37 பாகை வரை குளிர்கையில் வெளிவிடும் வெப்பம்:
1 × 4.2 × 63 = ஏறத்தாழ 265 யூல்

கொதிநீராவி 1 கிராம் தோலில் ஒடுங்கி, பின் 37 பாகை வரை குளிர்கையில் வெளிவிடும் வெப்பம்:
2260 + 265 = 2525 யூல்

அதாவது ஒன்பது மடங்குக்கும் கூடுதலாகும். 200 பாகைக் காற்று 1 கிராம் 37 பாகை வரை குளிர்கையில் வெளிவிடுவது ஏறத்தாழ 163 யூல் மட்டுமே. ஆவி உணவை விரைவில் அவிப்பதற்கும் கையைச் சுடுவதற்கும் காரணம் ஒன்றே: ஒடுங்கும்போது வெளிவிடப்படும் மறை வெப்பம்.

3. எதற்கு எந்த முறை?

ஆவி மட்டும்: மீன், இடியப்பம், மரக்கறி. வெப்பநிலை 100 பாகையளவில் நிற்பதால் உணவு உலராது, கருகாது.

சூடான காற்று மட்டும்: பிஸ்கட் போன்றவை. மேற்பரப்பு உலர்ந்து 100 பாகையைத் தாண்டினாலே பொன்னிறமும் மொறுமொறுப்பும் வரும்.

இரண்டும்: பாண், கோழி. பாணுக்குத் தொடக்கத்தில் ஆவி கொடுத்தால் மேற்பரப்பு விரைவில் இறுகாது; மா நன்கு பொங்கும். பின்னர் உலர் வெப்பத்தில் தோல் சிவக்கும். கோழி இறைச்சியின் நடுப்பகுதி 74 பாகையை அடைய வேண்டும்.

4. பாதுகாப்பு விதிகள்

(அ) கதவுக்கு நேரே நிற்காமல் பக்கமாக நின்று, முதலில் சிறிதளவு திறந்து ஆவியை வெளியேற விடுங்கள். வெண்புகையாகத் தெரிவது ஒடுங்கிய நீர்த்துளிகளே. உண்மையான கொதிநீராவி கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, எதுவும் தெரியவில்லை என்று கையை நீட்டாதீர்கள்.

(ஆ) ஈரத்துணியால் தட்டைப் பிடிக்காதீர்கள். துணியின் இழைகளுக்கிடையிலுள்ள காற்று அரிதிற் கடத்தி. நீர் அதைவிட நன்கு கடத்தும். உலர்ந்த தடித்த கையுறையே ஏற்றது.

(இ) 2300 உவாற்றுக் கனலடுப்பு 230 உவோற்றில் 2300 ÷ 230 = 10 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். இதனை 5 அம்பியர் குதையில் செருகினால் கம்பிகள் சூடாகித் தீப்பிடிக்கலாம். புவித்தொடுப்புள்ள 13 அம்பியர் குதையில் தனியாகச் செருகுங்கள். அதே நீட்டிப்பு வயரில் மின்கேத்தலையும் சேர்க்காதீர்கள்.

(ஈ) வன்னீர் பயன்படுத்தினால் நீர்த்தொட்டியிலும் குழாயிலும் கல்சியம் காபனேற்றுப் படியும். கனலடுப்புடன் வரும் கையேட்டின்படி, அது ஆறியபின் மென்னமிலத்தால் அகற்ற வேண்டும். அப்போது காபனீரொட்சைட்டுக் குமிழிகள் வெளிவரும்.

5. சுட்டுவிட்டால்

மோதிரம், வளையல் ஆகியவற்றை உடனே கழற்றி, சுட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். தோலினுள் சென்ற வெப்பத்தை நீர் அகற்றும். பற்பசை, எண்ணெய், பனிக்கட்டி வைக்க வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான துணியால் மெதுவாக மூடுங்கள். முகம், கண், பெரிய பரப்பு என்றால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990.

மாதிரி வினா

100 பாகைக் கொதிநீரிலும் 100 பாகைக் கொதிநீராவி கடுமையான காயத்தை ஏற்படுத்துவது ஏன்?

விடை: கொதிநீராவி தோலில் ஒடுங்கும்போது முதலில் தன் மறை வெப்பத்தை வெளிவிட்டு 100 பாகை நீராகிறது. பின்னர் அந்நீர் குளிர்ந்து மேலும் வெப்பத்தை வெளிவிடுகிறது. கொதிநீர் இரண்டாவது பகுதியை மட்டுமே வெளிவிடும்.

கவனிக்க: "ஆவி அதிகம் சூடானது" என எழுதினால் புள்ளி கிடைக்காது. இரண்டினதும் வெப்பநிலை சமன். வெளிவிடும் வெப்பத்தின் அளவே வேறு. இன்று மாலை வீட்டில் பிட்டு அவிப்பவருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.