விளக்குப் போடாதீர்கள், அது குகைப் பாம்பு!

மாணவர்களே, பத்துமலையின் 272 படிகளை உங்களில் பலர் ஏறியிருப்பீர்கள். உச்சியை அடைவதற்குச் சற்று முன்பு ஒரு வழி பிரிவதைக் கவனித்ததுண்டா? அது இருட்குகைக்குச் செல்லும் வழி. அந்தக் கும்மிருட்டில், வௌவால்களுக்கு நடுவே, அபூர்வமான ஒரு சாரைப்பாம்பு வாழ்கிறது.

ஆங்கிலத்தில் அதைக் 'கேவ் ரேசர்' என்பார்கள். நாம் 'குகைச் சாரை' என்று வைத்துக்கொள்வோம். அறிவியல் பெயர் எலாஃபே டேனியூரா ரிட்லேயி. 'டேனியூரா' என்றால் நாடா போன்ற வால் என்று பொருள். கருத்த வாலின் நடுவே வெளிர்கோடு ஒன்று ஓடுவதால் அந்தப் பெயர். 'ரிட்லேயி' என்பது, சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்து மலாயாவில் ரப்பர் பயிரைப் பரப்பிய ஹென்றி ரிட்லியின் நினைவாக 1899-இல் சூட்டப்பட்டது. மலேசியத் தீபகற்பத்திலும் தென் தாய்லாந்திலும் உள்ள சுண்ணாம்புக்கல் குகைகளே இதன் வீடு. இதற்கு நஞ்சு இல்லை.

இதன் படத்தை வகுப்பில் காட்டியபோது ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், இதை வீட்டில் வளர்க்கலாமா?" வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது.

மேசை விளக்கு செய்த வேலை

நான் இரண்டாம் படிவத்தில் படித்தபோது, என் அண்ணன் ஒரு சாரைக் குட்டியைப் பிடித்து வந்து பழைய மீன் தொட்டியில் வைத்தான். "பாம்பு குளிர் இரத்தப் பிராணி, அதற்குச் சூடு வேண்டும்" என்று சொன்னவள் நான்தான். மேசை விளக்கைத் தொட்டியின் மேல் கவிழ்த்து வைத்தோம். மறுநாள் பள்ளி முடிந்து வந்து பார்த்தபோது அது இறந்து கிடந்தது.

எங்கே தவறினோம்? பாம்பின் உடல் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்குவதில்லை. வெளியிலிருந்துதான் பெறுகிறது. அந்த வெப்பம் குறைந்தால் செரிமான நொதிகள் மந்தமாகும். விழுங்கிய இரை வயிற்றிலேயே அழுகிவிடும். வெப்பம் மிகுந்தாலோ நொதிகள் தம் வடிவத்தை இழந்து செயலற்றுப் போகும். காட்டில் வாழும் பாம்பு இதற்கு எளிய வழி வைத்திருக்கிறது: குளிர்ந்தால் வெயிலுக்கு வரும், சுட்டால் நிழலுக்குப் போகும். எங்கள் தொட்டியில் நிழல் இல்லை. தப்பிக்கவும் இடமில்லை.

குகைச் சாரையின் நிலை இன்னும் வேறு. சுண்ணாம்புப் பாறை தடிமனானது. வெளியே அடிக்கும் பகல் வெயில் உள்ளே போய்ச் சேருமுன் இரவு வந்துவிடுகிறது. அதனால் குகையின் ஆழத்தில் பகல், இரவு வேறுபாடு ஏறக்குறைய இல்லை. அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டிய வெப்பநிலைதான் எப்போதும் இருக்கும். இதனால்தான் இந்த இனத்தைப் பராமரிப்பவர்கள் சூடேற்றும் விளக்கைத் தவிர்க்கிறார்கள். கூட்டின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். 'வெப்பமண்டலப் பாம்பு' என்ற பெயரைக் கேட்டுவிட்டு நாம் சூட்டை ஏற்றினால், அதுவே எமனாகிவிடும்.

ஈரம், இருட்டு, இரை

குகைக் காற்றில் ஈரப்பதம் மிக அதிகம். கூண்டு வறண்டிருந்தால் பாம்பால் தோலைச் சரியாக உரிக்க முடியாது. பாம்புக்கு இமைகள் கிடையாது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதிலும் தோலோடு சேர்ந்து கழன்று வர வேண்டும். அது ஒட்டிக்கொண்டால் பார்வை மங்கும். வால் நுனியில் பழைய தோல் வளையமாகச் சிக்கினால் இரத்த ஓட்டம் தடைப்படும். அதற்காகத் தண்ணீரைக் கொட்டிவிடவும் கூடாது. காற்றோட்டமில்லாத ஈரத்தில் செதில் புண்ணாகும், நுரையீரலில் நோய் வரும். ஈரப்பாசி நிரப்பிய மறைவிடம் ஒன்று, அதைச் சுற்றி நல்ல காற்றோட்டம், இரண்டும் வேண்டும்.

இரையும் ஒரு சிக்கல்தான். குகையில் இது வௌவால்களையும் உழவாரக் குருவிகளையும் பிடித்துத் தின்கிறது. மலைப்பாம்புக்கு இருப்பதுபோல வெப்பத்தை உணரும் குழிகள் இதற்கு இல்லை. நாக்கை நீட்டி நீட்டி வாசனையைத் திரட்டுகிறது, அதிர்வையும் உணர்கிறது. கரடுமுரடான பாறைச் சுவரில் ஏறிக் காத்திருக்கிறது. குகையிலிருந்து பிடித்து வரப்பட்ட பாம்பு அச்சத்தில் உண்ண மறுப்பதுண்டு. குடலில் ஒட்டுண்ணிகளும் இருக்கலாம். கூண்டிலேயே முட்டையிலிருந்து பொரிந்த குட்டிகள்தாம் எலிக்கு எளிதாகப் பழகுகின்றன.

அப்படியானால் வளர்க்கலாமா?

மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட விலங்கை வைத்திருக்க பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறையின் உரிமம் தேவை. சிங்கப்பூரில் பாம்பைச் செல்லப்பிராணியாக வளர்க்கவே அனுமதி இல்லை. வீட்டில் பாம்பு நுழைந்தால் நீங்களே பிடிக்க முயலாதீர்கள். நஞ்சுள்ளதா இல்லையா என்று தூரத்திலிருந்து முடிவு செய்வது ஆபத்து. பெரியவர்களிடம் சொல்லுங்கள். மலேசியாவில் 999-ஐ அழைத்தால் தீயணைப்பு மீட்புப் படையினர் உதவுவார்கள்.

என் மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "முதலில் ஒரு குகையைக் கட்டு. அதன் பிறகு பாம்பைப் பற்றிப் பேசலாம்."

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். ஒரு வெப்பமானியை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 7, மதியம் 1, மாலை 6 மணிக்கு மூன்று இடங்களில் வெப்பநிலையைக் குறித்து வாருங்கள்: சன்னலோரம், மூடிய அலமாரி, எரியும் மேசை விளக்கின் அடி. எந்த இடத்தில் எண் குறைவாக மாறுகிறது என்று பாருங்கள்.

அந்த விளக்கின் அடியில் கிடைக்கும் எண்ணை நான் அன்றே குறித்துப் பார்த்திருந்தால், அந்தக் குட்டியைத் தோட்டத்திலேயே விட்டிருப்போம்.