தொடர் நேர்காணல் (பண்புசார் ஆய்வு)

தொடர் நேர்காணல் என்பது ஒரே நபரை மாதங்கள் அல்லது ஆண்டுகள் இடைவெளியில் பலமுறை நேர்கண்டு தரவு திரட்டும் பண்புசார் ஆய்வு முறையாகும். படிப்பு, வேலை, திருமணம் போன்ற மாற்றங்கள் இளமையில் அடுத்தடுத்து நிகழ்வதால், இளையோர் பற்றிய ஆய்வுகளில் இம்முறை சிறப்பிடம் பெறுகிறது.

தேவை

ஒருமுறை மட்டும் எடுக்கப்படும் நேர்காணல் அன்றைய நிலையையும், கடந்த காலம் பற்றிய அன்றைய நினைவையும் மட்டுமே தரும். 15 வயதில் மருத்துவராக விரும்புவதாகக் கூறிய ஒருவர், 19 வயதில் கடையொன்றில் பணிபுரியும்போது, தமக்கு மருத்துவத்தில் என்றுமே நாட்டம் இருந்ததில்லை எனக் கூறக்கூடும். இவற்றுள் ஒன்றை உண்மை என்றும் மற்றொன்றைப் பொய் என்றும் ஆய்வாளர் கொள்வதில்லை. அவ்விருப்பம் எப்போது, எதனால் மாறியது என்பதே இங்கு ஆய்வுப் பொருளாகும்.

எடுத்துக்காட்டுகள்

ஐக்கிய இராச்சியத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வொன்று இங்கிலாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றின் ஐந்து இடங்களைச் சேர்ந்த இளையோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. இதன் முடிவுகள் 'இன்வென்டிங் அடல்ட்ஹுட்ஸ்' என்ற நூலாக 2007இல் வெளிவந்தன.

ஆக்சுபோர்டு பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் 'யங் லைவ்ஸ்' ஆய்வு, எத்தியோப்பியா, இந்தியா, பெரு, வியட்நாம் ஆகிய நாடுகளில் சுமார் 12,000 சிறுவர்களை உள்ளடக்கி 2002இல் கணக்கெடுப்பைத் தொடங்கியது. இந்தியாவில் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் இது நடத்தப்பட்டது. அவர்களுள் ஒரு சிறு பகுதியினரிடம் 2007 முதல் தொடர் நேர்காணல்களும் எடுக்கப்பட்டன.

செய்முறை

ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னர் முந்தைய நேர்காணலின் எழுத்துப்படி மீண்டும் படிக்கப்படுகிறது. எல்லோருக்கும் பொதுவான வினாக்களுடன், அந்நபருக்கே உரிய வினாக்களும் சேர்க்கப்படுகின்றன. பின்னர் ஒரே சுற்றில் பலரது விடைகளும், பல சுற்றுகளில் ஒருவரது விடைகளும் தனித்தனியே ஒப்பிடப்படுகின்றன.

சிக்கல்கள்

* விலகல்: இடம்பெயர்வோரையும் படிப்பை இடையில் நிறுத்தியோரையும் மீண்டும் கண்டறிவது கடினம். இவர்கள் விடுபட்டால், எஞ்சியோரின் கதைகள் நிலைமையை உள்ளதைவிட நல்லதாகக் காட்டிவிடும்.
* அடையாளம்: விவரங்கள் சேரச் சேர, பெயரை மாற்றினாலும் ஒருவரை அவரது ஊரார் இனங்காண முடியும்.
* ஒப்புதல்: சிறுவயதில் பெற்றோர் அளித்த இசைவு, வளர்ந்த பின்னர் போதுமானதன்று. எனவே ஒவ்வொரு சுற்றிலும் ஒப்புதல் புதிதாகப் பெறப்பட வேண்டும். முன்னர் பங்கேற்றவர் இப்போது மறுத்தால், அம்மறுப்பை ஆய்வாளர் ஏற்க வேண்டும்.