ரோம் நகருக்குச் செல்லாத சிறுவர்கள்

பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர் தெருவிலே பந்தாடும்போது பூசல் மூண்டால், அது எதைப் பற்றிய பூசல் என்று சற்று நின்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது விதியைப் பற்றியதாகவே இருக்கும். பந்து கோட்டுக்குள் விழுந்ததா, வெளியே விழுந்ததா? அவன் ஆட்டமிழந்தானா, இல்லையா? நீதியுணர்வு சிறுவர்க்கு முதன்முதலாகக் கூர்மை பெறுவது ஆடுகளத்திலேதான் எனலாம். அந்த உணர்வைப் பெரியோராகிய நாம் எவ்வாறு பேணுகிறோம், எவ்வாறு சிதைக்கிறோம் என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று அமெரிக்க நாட்டில் 1955-ஆம் ஆண்டு நடைபெற்றது. அதனை நம் குடும்பங்களின் முன் வைக்க விரும்புகிறோம்.

அமெரிக்கருக்குப் பேஸ்பால் என்பது நமக்குக் கிரிக்கெட் எவ்வாறோ அவ்வாறே. ஒருவர் பந்தெறிய, மற்றவர் உருண்டைத் தடியால் அடித்துவிட்டு, நான்கு தளங்களையும் சுற்றி ஓடி வருவதே ஆட்டம். பென்சில்வேனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்போர்ட் என்ற சிறிய நகரில் வாழ்ந்த கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர், 1939-ஆம் ஆண்டில் மூன்றே அணிகளைக் கொண்டு சிறுவர்க்கென ஒரு பேஸ்பால் சங்கத்தைத் தொடங்கினார். மைதானத்தின் அளவைச் சிறுவரின் கால்களுக்கு ஏற்பக் குறைத்ததே அவர் செய்த பெரும் புதுமை. ‘லிட்டில் லீக்’ எனப் பெயர் பெற்ற அச்சங்கம் சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் பரவிற்று.

இதன் போட்டிமுறை படிக்கட்டைப் போன்றது. ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் தன் சிறுவருள் தேர்ந்தவரைக் கொண்டு கோடையிலே ஓர் அணி அமைக்கும். அவ்வணி முதலில் மாவட்ட அளவிலும், பின்னர் மாநில அளவிலும், அதன்பின் பல மாநிலங்கள் அடங்கிய மண்டல அளவிலும் வெல்ல வேண்டும். மண்டலப் போட்டியில் வென்றோரே வில்லியம்ஸ்போர்ட்டில் நடைபெறும் இறுதிச் சுற்றுக்குச் செல்வர். 1955-இல் அங்கே எட்டு அணிகளுக்கே இடமிருந்தது. 2022 முதல் இருபது அணிகள் ஆடுகின்றன. எத்தனை அணிகளாயினும், வாயில் என்னவோ மண்டலப் போட்டிதான். அவ்வாயிலைக் கடப்பவன் உலகுக்குத் தெரிய வருவான். கடவாதவன் தன் ஊரோடு நின்றுவிடுவான்.

அவ்வாயில் திறந்திருந்தால் என்ன நேரும் என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். மெக்சிக்கோ நாட்டின் மான்டெர்ரே நகரத்து ஏழைத் தொழிலாளர் இல்லங்களிலிருந்து 1957-ஆம் ஆண்டு ஒரு சிறுவர் அணி எல்லை கடந்து வந்தது. டெக்ஸஸ் மாநிலத்துப் போட்டிகளிலும் லூயிவில் நகரத்து மண்டலப் போட்டியிலும் வென்று வில்லியம்ஸ்போர்ட்டை அடைந்த அச்சிறுவர், இறுதி ஆட்டத்திலும் வாகை சூடினர். அன்று பந்தெறிந்த ஆங்கெல் மாசியாஸ் என்னும் சிறுவன், எதிரணியில் ஒருவரையேனும் முதல் தளத்தைக்கூட அடைய விடவில்லை. அந்த இறுதிப் போட்டிகளின் வரலாற்றில் அதற்கு முன் அத்தகைய இறுதி ஆட்டம் நிகழ்ந்ததில்லை.

இனி, வாயில் அடைபட்டவரின் கதைக்கு வருவோம்.

தென் கரோலைனா மாநிலத்தில் கடலோரமாய் அமைந்த பழம்பெரும் நகரம் சார்லஸ்டன். அங்கே கேனன் தெருவில் கறுப்பின மக்களுக்கென ஓர் ஒய்.எம்.சி.ஏ. சங்கம் இருந்தது. அதன் தலைவர் ராபர்ட் மாரிசன் 1953-ஆம் ஆண்டில் லிட்டில் லீக் அமைப்புக்கு விண்ணப்பித்து, தம் இனத்துச் சிறுவர்க்காக நான்கு அணிகள் கொண்ட சங்கம் ஒன்றுக்கு அங்கீகாரம் பெற்றார். கறுப்பினச் சிறுவர் பள்ளியிலும் பேருந்திலும் பூங்காவிலும் பிரித்து வைக்கப்பட்டிருந்த காலம் அது. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என உச்ச நீதிமன்றம் 1954 மே மாதம் 17-ஆம் நாள் தீர்ப்பளித்திருந்தது. அவ்வழக்குகளுள் ஒன்று தென் கரோலைனாவிலிருந்தே சென்றதாகும். எனவே அம்மாநிலத்து வெள்ளையர் பலருடைய உள்ளத்தில் தீர்ப்பின் கசப்பு ஆறவில்லை.

இந்நிலையில்தான் 1955 கோடையில், கேனன் தெருச் சங்கத்தார் பதினொன்று, பன்னிரண்டு வயதுச் சிறுவரைத் தேர்ந்து ஓர் அணியாக்கிச் சார்லஸ்டன் நகரப் போட்டிக்குப் பெயர் பதிந்தனர். விதிப்படி அவர்கள் செய்தது அவ்வளவே. உடனே நகரத்து வெள்ளையர் அணிகள் யாவும் போட்டியிலிருந்து விலகிக்கொண்டன. எதிர்த்தாட ஆளில்லாமையால் கேனன் தெருச் சிறுவரே நகர வாகையர் ஆயினர். அடுத்தது மாநிலப் போட்டி. மாநிலத்து நிருவாகிகள், வெள்ளையர்க்கெனத் தனிப்போட்டி நடத்த லிட்டில் லீக் தலைமையிடம் இசைவு கேட்டனர். தலைவர் பீட்டர் மெக்கவர்ன் மறுத்துவிட்டார். நிறம் காட்டிச் சிறுவரைப் பிரிக்க லிட்டில் லீக் இடந்தராது என்பதே அவருடைய நிலை. அக்காலத்தில் அது துணிவான செயல் என்பதை நாம் மறுக்கலாகாது.

மறுமொழியாக, மாநிலத்தின் அறுபத்தொரு வெள்ளையர் சங்கங்களும் ஒருங்கே விலகின. பன்னிரண்டு வயதுப் பிள்ளையொன்று மற்றொரு பிள்ளைக்குப் பந்தெறிவதைக் காணப் பொறாமல், அறுபத்தொரு சங்கங்களின் பெரியோர் தம் சொந்தப் பிள்ளைகளின் கோடையையும் பாழாக்கினர்! கேனன் தெரு அணி மாநில வாகையும் ஆயிற்று. அவ்வாகையைப் பெற அச்சிறுவர் ஒரு பந்தைக்கூட எறிய நேரவில்லை.

மண்டலப் போட்டி ஜார்ஜியா மாநிலத்தில் ரோம் என்னும் ஊரில் நடைபெறவிருந்தது. உரோமை என்றவுடன் கத்தோலிக்கராகிய நம் உள்ளம் வேறெங்கோ விரையும். இது அந்த உரோமையன்று. கறுப்பினத்தாருக்குப் பெரும் பேஸ்பால் அணிகளின் கதவை 1947-இல் திறந்த ஜாக்கி ராபின்சன் பிறந்ததும் இதே ஜார்ஜியா மாநிலத்தில்தான். சார்லஸ்டன் சிறுவர்க்கு அவரே கண்கண்ட வீரர். ஆயின் ரோம் நகருக்குச் செல்ல அவர்களுக்கு இசைவு கிடைக்கவில்லை. காரணம், ஒரு விதி: மைதானத்தில் ஆடி வெல்லாது, எதிரணி விலகியதால் மட்டுமே முன்னேறிய அணி மண்டலப் போட்டிக்குத் தகுதி பெறாது. இவ்விதியை எடுத்துக் காட்டியவர் வேறெவருமல்லர்; பிரிவினைக்கு இணங்க மறுத்த லிட்டில் லீக் தலைமையேதான்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். ஏனெனில் விதி தீய விதியன்று. ஆடி வென்றவனே மேலே செல்க என்பதில் என்ன குற்றம்? குறுக்கு வழியில் வருவோரைத் தடுக்க அது வேண்டியதே. ஆனால் இங்கே ஆட மறுத்தவர் யார்? ஆட வந்து நின்றவர் யார்? மறுத்தவர் குற்றம் வந்து நின்றவர் தலையில் விழுந்தது. விதி ஓர் எழுத்தும் பிசகாமல் காக்கப்பட்டது. அந்த விதியைக் கொண்டே பிரிவினையாளர் தாம் நினைத்ததை முடித்துக்கொண்டனர்.

திருச்சபையின் மறைவல்லுநரான புனித அக்குவினாஸ் தோமையார் இத்தகைய இக்கட்டை நன்கு அறிந்திருந்தார். சட்டம் இயற்றுவோர் பெரும்பாலும் நிகழ்வதை மனத்தில் கொண்டே இயற்றுகின்றனர். எல்லா நிலைமைகளையும் அவர்களால் முன்னுணர இயலாது. ஆதலால் எழுத்தைப் பின்பற்றினால் நீதிக்கே கேடு வரும் இடத்தில், சட்டம் இயற்றியவரின் நோக்கத்தைப் பின்பற்றுவதே நற்பண்பு என அவர் கற்பித்தார். அதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு எளியது. ஒருவன் நம்மிடம் அடைக்கலமாக வைத்த பொருளை அவன் கேட்கும்போது திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் வாளை அடைக்கலம் வைத்தவன் சித்தம் பேதலித்து வந்து கேட்டால், கொடுத்து விடுவதா? ஓய்வுநாளைப் பற்றி நம் ஆண்டவர் பரிசேயருக்குக் கூறிய விடையிலும் இதே உண்மை விளங்குகிறது. மெக்கவர்ன் நல்லவரே, ஆனால் அன்று அவர் கையில் இருந்தது வாள் என்பதை அவர் உணரவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. லிட்டில் லீக் சிறுவர்க்கான உறுதிமொழியை ஏறக்குறைய அக்காலத்தில் எழுதியவரும் அவரே. கடவுள் நம்பிக்கையில் தொடங்கும் அவ்வுறுதிமொழி, நேர்மையாக ஆடுவேன் என்றும் சிறுவரைச் சொல்ல வைக்கிறது.

விதியை வேறு விதமாகவும் கையாள முடியும் என்பதற்கு அதே ஆண்டு, அதே தென்னாட்டுப் பகுதியிலேயே சான்று உண்டு. புளோரிடா மாநிலத்தில் பென்சகோலா ஊரின் கறுப்பினச் சிறுவர் அணிக்கும் இதே கதி நேர்ந்தது. சுற்றுவட்டாரத்து வெள்ளையர் அணிகள் எதிர்த்தாட மறுத்தன. ஆயினும் அவ்வணி ஆர்லாண்டோவில் நடைபெற்ற மாநிலப் போட்டிக்கு வரவேற்கப்பட்டது. அங்கிருந்த வெள்ளையர் அணியின் சிறுவரிடமே, ஆடுவீர்களா என்று கேட்கப்பட்டது. ஆடுவோம் என்றனர் சிறுவர். ஆட்டம் நடந்தது, ஆர்லாண்டோ அணி வென்றது, வானம் இடிந்து விழவில்லை. தோற்ற பென்சகோலா சிறுவர் ஆடித் தோற்றனர். சார்லஸ்டன் சிறுவர்க்கு அந்தப் பேறும் வாய்க்கவில்லை.

மெக்கவர்ன் அவர்களுக்கு ஓர் ஆறுதல் அளிக்க எண்ணினார். வில்லியம்ஸ்போர்ட் இறுதிச் சுற்றுக்கு விருந்தினராய் வருமாறு அழைத்தார். ஆகஸ்டு மாதத்தில் சிறுவர் பேருந்தேறிச் சென்றனர். மைதானத்தில் இறங்கிச் சற்று நேரம் பயிற்சி செய்யவும் இசைவு கிடைத்தது. அவர்கள் பந்து பிடிப்பதையும் எறிவதையும் கண்ட மக்கள் திரள், “அவர்களை ஆட விடுங்கள்!” என்று முழங்கிற்று. பெரும்பாலும் வெள்ளையரான அம்மக்களின் குரலைத் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை என அச்சிறுவர் பிற்காலத்தில் கூறியுள்ளனர். பயிற்சி முடிந்ததும் அவர்கள் பார்வையாளர் வரிசையில் சென்று அமர்ந்தனர். அவ்வாண்டுக் கோப்பையைப் பென்சில்வேனியா மாநிலத்தின் மாரிஸ்வில் அணி பெற்றது.

அவர்கள் ஊர் திரும்பிய அதே நாட்களில், ஆகஸ்டு 28-ஆம் நாள், எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் மிசிசிப்பி மாநிலத்தில் கடத்திக் கொல்லப்பட்டான். சார்லஸ்டன் நிகழ்ச்சியை வெறும் விளையாட்டுச் செய்தியாக எண்ணுவோர் இதனையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பாராக.

நம் திருச்சபை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று வாசகர் கேட்கலாம், கேட்க வேண்டும். அத்தென்னாட்டில் கத்தோலிக்க ஆலயங்களும் பிரிவினைக்கு விலக்கல்ல. ஆயினும் அண்டை மாநிலமான வட கரோலைனாவில் ஆயர் வின்சென்ட் வாட்டர்ஸ் 1953-ஆம் ஆண்டிலேயே, நியூட்டன் குரோவ் என்ற ஊரில் வெள்ளையர்க்கும் கறுப்பினத்தார்க்கும் தனித்தனியே இருந்த இரு ஆலயச் சமூகங்களை ஒன்றாக்கினார். எதிர்ப்புக்கு அஞ்சாமல் தாமே அங்குச் சென்றார். 1955 அக்டோபரில் லூயிசியானாவின் ஜெசூயிட் பெண்ட் என்னும் ஊரில், திருப்பலி நிறைவேற்ற வந்த கறுப்பினக் குருவைச் சிலர் தடுத்தபோது, பேராயர் ஜோசப் ரம்மல் அவ்வாலயத்தில் வழிபாட்டையே நிறுத்தி வைத்தார். மறு ஆண்டில், இனப்பிரிவினை பாவம் எனச் சுற்றுமடல் எழுதினார். நம் ஊர்களில் ஆலயத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் நின்ற தடுப்புகளை நேரில் கண்ட மூத்தோர்க்கு இவ்வாயர்களின் துணிவு எத்தகையது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

விலகிய தென் கரோலைனாச் சங்கங்கள் லிட்டில் லீக்குக்குத் திரும்பவில்லை. அவை வெள்ளையர் சிறுவர்க்கெனத் தனி அமைப்பைத் தொடங்கின. அண்டை மாநிலங்களிலும் அது வேரூன்றிற்று. பிற்காலத்தில் அவ்வமைப்பு எல்லா இனத்தார்க்கும் திறந்துவிடப்பட்டது. கேனன் தெருச் சிறுவரின் கதையோ ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் புதைந்து கிடந்தது. தம் மகனின் விளையாட்டுச் சீருடையில் அடிமைமுறைக்காகப் போரிட்ட மாநிலங்களின் பழைய கொடி தைக்கப்பட்டிருந்ததைக் கண்டு வருந்திய அகஸ்டஸ் ஹோல்ட் என்னும் சார்லஸ்டன்காரர், 1990-களில் காரணம் தேடிப் புறப்பட்டு இவ்வரலாற்றை வெளிக்கொணர்ந்தார்.

2002-ஆம் ஆண்டில் லிட்டில் லீக் அமைப்பு, 1955-ஆம் ஆண்டுத் தென் கரோலைனா மாநில வாகையர் என்று அவர்களை முறைப்படி ஏற்று, அதற்குரிய கொடியை வழங்கிற்று. பன்னிரண்டு வயதில் அதைப் பெற்றிருக்க வேண்டியவர்கள் ஐம்பத்தொன்பது வயதில் பெற்றுக்கொண்டனர்.