ஐப்பசி அடைமழையில் விருந்தும் வயல் வேலையும்

விருந்தினரை உபசரித்தல் குடித்தனக்காரருக்கு எல்லா மாதங்களிலும் உரிய கடமையே. ஆயினும், காவிரிப் பாசனப் பிரதேசத்தில் ஐப்பசி மாதத்தைப்போல் அக்கடமை பாரமாகிவிடும் மாதம் வேறொன்றில்லை. குறுவை அறுவடை முடிந்தும் முடியாமலும் இருக்கும். அறுத்த வயலில் தாளடி நடவு நடக்கவேண்டும். முன்னரே நட்ட சம்பாவில் களையெடுப்பு காத்திருக்கும். தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. இவற்றின் நடுவில் தீபாவளி வருகிறது. புதிதாக விவாகம் செய்வித்த வீடாயின், தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையும் சம்பந்தி வீட்டாரும் வந்து இரண்டு மூன்று நாட்கள் தங்குவர்.

இவ்வளவு வேலையும் ஒருங்கே வந்து விழுவது பெரும்பாலும் வீட்டுத் தலைவியின் தலைமீதேயாகும். நடவும் களையெடுப்பும் நம் பக்கத்தில் பெண்களின் கைவேலையாகவே இருந்து வருகின்றன. சொந்த உழைப்பை நம்பிய சிறு குடியானவர் வீட்டில், அவள் மூன்று நாட்கள் அடுப்படியிலேயே நின்றுவிட்டால் களை வளர்ந்துவிடும். நட்ட முதல் முப்பது, நாற்பது நாட்களில் களை எடுத்துக்கொள்ளும் உரத்தை நெற்பயிர் பின்னர் மீட்டுக்கொள்வதில்லை. ஆகையால் ஐப்பசி விருந்தைச் சமையலறைக் காரியமென்று மட்டும் எண்ணாமல், பண்ணை வேலைத் திட்டத்தின் ஓர் அங்கமாகவே கருதவேண்டும். முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொண்டால் விருந்தும் குறைவின்றி நடக்கும், வயலும் பாழாகாது. அதற்கான வழிகளைக் கீழே விவரிப்போம்.

நாளைக் கணக்கிடுதல்

முதலில் பஞ்சாங்கத்தில் தீபாவளி நாளைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும். சம்பாவுக்கு முதற்களை நட்ட பதினைந்தாம் நாளை ஒட்டியும், இரண்டாங்களை முப்பதாம் நாளை ஒட்டியும் எடுப்பது வழக்கம். அந்நாட்கள் பண்டிகையோடு மோதுமாயின், நடவையே சில நாட்கள் முன்தள்ளலாம். அது இயலாவிடில் களையெடுப்பை இரண்டொரு நாள் முன்னதாக முடித்துக்கொள்ளலாம். வரும் உறவினருக்கும் இன்ன நாள் வந்து இன்ன நாள் திரும்பலாமென்று முன்னதாகவே சொல்லிவிடுவதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. அவர்களும் பெரும்பாலும் வயலுடையவர்களே, நிலைமையை அறிவார்கள்.

வெயில் உள்ளபோதே சேமித்தல்

ஐப்பசியில் எதையும் உலர்த்த முடியாது. அம்மாதத்துக்கு வேண்டியவை யாவும் சித்திரை முதல் புரட்டாசி வரையுள்ள வெயிலிலேயே தயாராகவேண்டும். சுண்டை, மணத்தக்காளி, கொத்தவரை வற்றல்கள், வடகம், அப்பளம் ஆகியவற்றைப் புரட்டாசியில் நல்ல வெயில் கண்ட நாளில் மீண்டும் ஒருமுறை காயவைத்து, சூடு ஆறியபின் இறுக மூடிய பாத்திரத்தில் வைக்கவும். சூடாக இருக்கும்போதே மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். மிளகாயையும் மல்லியையும் அப்போதே இடித்து வைத்துக்கொள்ளலாம்.

துவரை, உளுந்து முதலியவற்றை முழுப் பயறாக வைப்பதைவிடப் பருப்பாக உடைத்து வைப்பதே மேல். உடைத்த பருப்பில் பயற்று வண்டின் சேதம் குறைவு. மேலும், ஈரக்காற்று வீசும் நாட்களில் திரிகையில் இட்டால் தோல் எளிதில் கழலாது. நிலக்கடலை விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். ஈரம் தங்கிய கடலையில் உண்டாகும் ஒருவகைப் பூசணம் ஈரலைக் கெடுக்கும் நஞ்சைச் சுரக்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஏராளமான வான்கோழிகள் மடிந்தபோது இந்நஞ்சு ஆராய்ச்சியாளரால் கண்டறியப்பட்டு, அஃப்ளாடாக்ஸின் எனப் பெயர் பெற்றது. வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முற்றிலும் நீங்குவதில்லை. ஆகவே பச்சையோ மஞ்சளோ படர்ந்த பருப்பையும், சுருங்கிய பருப்பையும் பொறுக்கி எறிந்துவிடவேண்டும். விருந்துப் பட்சணத்தில் சேர்க்கலாகாது.

விறகும் வறட்டியும் மழைக்கு முன் தாழ்வாரத்தில் ஏறவேண்டும். எரிவாயு அடுப்பு உள்ள வீடுகளிலும், பத்துப் பேருக்கு மேல் சமைக்க நேர்ந்தால் பெரும்பாலும் விறகடுப்பையே மூட்டுகிறார்கள். ஈர விறகால் கண்ணும் நெஞ்சும் கெடுவதோடு, சமையல் நேரமும் நீளும்.

அரிசியும் காய்கறியும்

அறுவடையான குறுவை நெல்லில் நூற்றுக்கு இருபதுக்கு மேற்பட்ட ஈரம் இருப்பதுண்டு. பதினான்குக்குக் கீழ் இறங்கினாலன்றி அதைக் குதிரிலோ மூட்டையிலோ வைப்பது ஆபத்து. புதிய அரிசிச் சோறு குழையும். பழைய அரிசிச் சோறு உதிரியாகவும் அளவு கண்டும் வரும். ஆகையால் விருந்துக்கென்று சென்ற வருஷச் சம்பாவில் ஒரு மூட்டையைப் புரட்டாசிக்குள் புழுக்கி, உலர்த்தி, அரைத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். புது அரிசியைப் பொங்கல், கஞ்சி ஆகியவற்றுக்கு ஒதுக்கலாம்.

ஆடிப்பட்டத்தில் கொல்லையில் ஊன்றிய வெண்டை, புடல், பீர்க்கு, பாகல் ஆகியவை ஐப்பசியில் காய்க்கும் நிலையில் இருக்கும். இவ்வீடுகளுக்கு மழைநாளில் சந்தைக்குச் சென்று இரட்டிப்பு விலை கொடுக்கவேண்டிய அவசியமில்லை. நன்கு முற்றிய பறங்கியையும் சாம்பற் பூசணியையும் காம்போடு அறுத்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரணில் வைத்தால் சில மாதங்கள் கெடாதிருக்கும். எதிர்பாராமல் நான்கு பேர் வந்துவிட்டாலும் ஒரு பறங்கிக்காயைக் கொண்டு கூட்டு வைத்துவிடலாம்.

வைக்கோற் பெட்டி

வேலை மிகுந்த வீடுகளுக்கு நாம் முக்கியமாகச் சிபாரிசு செய்வது வைக்கோற் பெட்டிச் சமையலாகும். இரண்டாவது உலக யுத்தத்தின்போது எரிபொருட் சிக்கனத்திற்காக இங்கிலாந்தில் இம்முறை பிரசாரம் செய்யப்பட்டது. வைக்கோலுக்குப் பஞ்சமில்லாத நம் பிரதேசத்திற்கு இது மிகவும் ஏற்றது. வெந்துகொண்டிருக்கும் பாத்திரத்தின் சூடு வெளியேறாமல் தடுத்தால், அச்சூட்டிலேயே மீதி வேக்காடு நடந்துவிடும் என்பதே இதன் தத்துவம்.

மரப்பெட்டியாயினும் பெரிய மூங்கிற்கூடையாயினும் போதும். அடியிலும் பக்கங்களிலும் நான்கு அங்குலக் கனத்துக்குக் காய்ந்த வைக்கோலை இறுக அடைத்து, நடுவில் பாத்திரம் சரியாகப் பொருந்தும்படி குழி விடவேண்டும். மேலே மூடுவதற்கு வைக்கோல் திணித்த சாக்குத் தலையணை ஒன்று தைத்துக்கொள்ளவும். களைந்து ஊறிய அரிசியை அளந்த நீரில் இட்டு, ஐந்து நிமிஷம் நன்றாகக் கொதித்தபின், மூடியைத் திறவாமலே பெட்டியில் இறக்கித் தலையணையால் மூடினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சோறு தயாராகும். ஊறவைத்த பருப்பைக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டுப் பெட்டியில் இரண்டு மூன்று மணி நேரம் வைக்கலாம். கஞ்சி வடிக்கும் வேலையுமில்லை. அடிப்பிடிக்கும் என்ற பயமுமில்லை. அந்நேரத்தில் தலைவி வயலுக்குச் சென்று திரும்பலாம்.

கவனிக்கவேண்டியவை மூன்று. பாத்திரம் முக்கால் பங்குக்குக் குறையாமல் நிறைந்திருக்கவேண்டும். குறைந்தால் சூடு நிற்காது. பாத்திரத்தின் அடியில் தணலோ கரியோ ஒட்டியிருக்கலாகாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் பெட்டியில் விட்டுவைத்ததை மறுபடி கொதிக்கவிட்டே பரிமாறவேண்டும்.

மூன்று நாள் ஒழுங்கு

பண்டிகைக்கு முந்திய வாரத்தில் புளிக்காய்ச்சலை நல்லெண்ணெயில் காய்ச்சி வைத்துக்கொள்ளவும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் முதலியவற்றை வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிளறும் தீபாவளி மருந்தையும் அப்போதே முடித்துவிடலாம். முறுக்கு, அதிரசம் முதலிய பட்சணங்களில் இரண்டு வகைக்கு மேல் வேண்டாம்.

முந்திய நாள் பிற்பகலிலேயே இட்டலி மாவை அரைத்துவிடவேண்டும். கோடையில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு, குளிர்ந்த மழையிரவில் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் கேட்கும். அடுப்பங்கரையின் கதகதப்பில் வைத்தால் நலம்.

பண்டிகைக் காலையில் எண்ணெய் ஸ்நானத்துக்குப்பின் இட்டலி. பகலில் வற்றற்குழம்பு, பறங்கிக் கூட்டு, கொல்லைக் காயில் ஒரு பொரியல், ரசம், அப்பளம், மோர். வற்றற்குழம்புக்கு நறுக்கும் வேலை இல்லை. மறுநாளும் அதைச் சுடவைத்து உண்ணலாம். மூன்றாம் நாள் விருந்தினர் ஊர் திரும்பும்போது, சோற்றில் புளிக்காய்ச்சலைக் கலந்து இலையில் கட்டிக்கொடுக்கலாம். இதனால் அந்த நாள் காலையில் தனியாக ஒரு குழம்பு வைக்கும் வேலை மிச்சமாகும்.

மீந்த ஆகாரம்

விருந்து வீட்டில் சோறு மீந்தால் அதை அப்படியே இரவு வரை வைத்திருந்து சுடவைத்து உண்பது தவறு. சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதியிலும் அழிவதில்லை. சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மறுபடி சுடவைப்பதால் நீங்காது. ஆகவே ஒரே அண்டாவில் வடித்துக் குவிக்காமல் இரண்டு தடவையாகச் சமைப்பதே உசிதம். பழையதாக்க வேண்டுவோர் சோறு ஆறியவுடனே தாமதமின்றித் தண்ணீர் ஊற்றி மூடி, மறுநாள் காலையிலேயே உண்டு தீர்க்கவேண்டும். மழையில் கிணற்று நீர் கலங்குமாதலால், குடிக்கவும் பழையதுக்கு ஊற்றவும் கொதித்து ஆறிய நீரையே உபயோகிக்கவும்.

இன்னொரு வழக்கத்தையும் கண்டிக்கவேண்டியிருக்கிறது. மீந்த சோற்றையும் பொங்கலையும் மொத்தமாக மாட்டுத் தொட்டியில் கொட்டுகிறார்கள். வழக்கமின்றித் திடீரென மிகுதியாகச் சோறு தின்ற மாட்டின் வயிற்றில் அமிலம் பெருகி, மாடு உப்பி, தீனி மறுத்து, சில வேளைகளில் இறந்தும் போகிறது. பண்டிகை மறுநாள் கறவைப் பசுவை இழந்த வீட்டில் விருந்தின் மகிழ்ச்சி எங்கே இருக்கும்? மீந்ததை எருக்குழியில் இட்டு மண்ணால் மூடுவதே சரி.

செலவும் ஆடவர் பங்கும்

குறுவைப் பணம் கைக்கு வரும் காலமும் இதுவே. அதில் சம்பாவின் மேலுரத்துக்கும் களைக் கூலிக்கும் வேண்டிய தொகையை முதலில் தனியே முடிந்து வைத்துவிட்டு, மீதியிலிருந்தே பண்டிகைச் செலவைத் தீர்மானிக்கவேண்டும். மேலுரம் இடவேண்டிய வாரத்தில் பணமின்றிக் கடன் தேடி அலையும் குடியானவர் பலர், அப்பணம் ஜவுளிக்கும் பட்சணத்துக்கும் போனதைப் பின்னரே உணர்கிறார்கள். உறவினர் மெச்சுவது பட்சணத்தின் எண்ணிக்கையை அன்று. அன்போடு வேளைக்கு இட்ட சோற்றையே.

கடைசியாக ஆடவர்களுக்கு ஒரு வார்த்தை. உழவுக்கு இரண்டு மாடு பூட்டுகிறோம். விருந்துக்கு மட்டும் ஒருத்தியைப் பூட்டிவிட்டுத் திண்ணையில் அமர்வது நியாயமாகுமா? விறகு பிளத்தல், நீர் இறைத்தல், இலை அறுத்தல், வைக்கோற் பெட்டி செய்தல், பந்தியில் பரிமாறுதல் ஆகியவற்றை ஆடவரும் வளர்ந்த பிள்ளைகளும் ஏற்கவேண்டும். வீட்டுத் தலைவி கடைசிப் பந்தியில் ஆறிய சோற்றை நின்றபடி உண்ணாமல், விருந்தினரோடு அமர்ந்து உண்ணும் வீட்டிலேயே விருந்து செவ்வையாக நடந்ததென்று சொல்லலாம். இவ்வருஷ ஐப்பசிக்கு முன் நம் வாசகர்கள் ஒரு வைக்கோற் பெட்டியாவது செய்து பார்ப்பார்களென நம்புகிறோம்.