ஊசி போட்டாச்சு... மாத்திரை எதுக்கு?

ஓடியாடிக் கொண்டிருந்த நாய் திடீரென்று சோர்ந்து படுக்கிறது. சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. இடையிடையே வாந்தி, பேதி. டிரிப்ஸ் ஏற்றினால் இரண்டே நாளில் பழைய துள்ளல்! 'கண்டதைத் தின்னிருக்கும்' என்று விட்டுவிடுகிறோம். மறுபடியும் அதே கதை என்றால் 'அடிஸன் நோயா' என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஏ.சி.டி.எச். ஊசி போட்டு, ரத்தத்தில் கார்ட்டிசால் ஏறுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் பழுதாவதுதான் இந்த நோய். அவை சுரக்கும் ஆல்டோஸ்டிரோன், உடம்பின் உப்புக் கணக்குப்பிள்ளை. சோடியத்தைப் பிடித்து வைக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும். அது இல்லாவிட்டால் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பு மந்தமாகி, உயிருக்கே உலை!

இது மனிதர்களுக்கும் வரும். லண்டன் டாக்டர் தாமஸ் அடிஸன் 1855-ல் விவரித்ததே மனிதர்களிடம் கண்டதைத்தான். டெஸாக்ஸிகார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோனை 1937-ல் ரைக்ஸ்டைன் செயற்கையாகத் தயாரித்தார். அதை வில்லையாக்கித் தோலுக்கடியில் வைத்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியும் இந்த வில்லை வைத்துக் கொண்டவர்தான். 1950-களில் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரை வந்ததும் மனிதர்கள் அதற்கு மாறிவிட்டார்கள்.

அதே ஹார்மோனின் 'பிவலேட்' வடிவம், 1998-ல் அமெரிக்காவில் நாய்களுக்கான ஊசியாக அனுமதி பெற்றது. எளிதில் கரையாத நுண்துகள்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து சுமார் 25 நாள் வேலை செய்யும். ஆரம்பத்தில் 10-ம் நாளும் 25-ம் நாளும் ரத்தம் பார்த்து அளவையும் இடைவெளியையும் சரிசெய்வார்கள்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நாய் நன்றாக இருக்கிறதே, ஊசிதான் போட்டாச்சே என்று தினசரி பிரட்னிசோலோன் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இந்த ஊசி உப்பை மட்டும்தான் கவனிக்கும். அதிர்ச்சியைத் தாங்க வைக்கும் கார்ட்டிசாலுக்கு இது ஈடாகாது! ரத்தத்தில் உப்பு அளவு கச்சிதமாக இருக்கும்போதே நாய் சுருண்டு விழலாம். 1954-ல் கென்னடியின் முதுகு ஆபரேஷனுக்கு டாக்டர்கள் தயங்கியதும் இந்த நோயை நினைத்துத்தான்.

தீபாவளிப் பட்டாசு, நீண்ட பயணம், ஆபரேஷன்... இந்த நாட்களில் மாத்திரையை எவ்வளவு கூட்டுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். மீறி மயங்கி விழுந்தால், வீட்டில் எதுவும் புகட்டாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வாசலிலேயே 'இது அடிஸன் நாய்' என்று சொல்லிவிடுங்கள்.