நத்தைக்குத்தி நாரையும் புள்ளித் திருக்கையும்

நடவு முடிந்த வயல்களில் நத்தைக்குத்தி நாரைகள் கூட்டமாய் இறங்கி நாற்றை மிதிக்கின்றன என்றும், ஏரிக்கரை மரங்களை வெட்டிவிட்டால் அவை அகன்றுபோம் என்றும் மிராசுதார் ஒருவர் சென்ற பருவத்தில் எம்மிடம் முறையிட்டனர். கிராம அதிகாரியும் அதற்கு இசைந்திருந்தார். மரத்தை வெட்டுமுன் வரப்பைப் பார்ப்போமென்று இருவரையும் அழைத்துச் சென்றோம். வரப்போரத்தில் வெறும் நத்தையோடுகள் கிடந்தன. பெரும்பாலானவை உடையாதிருந்தன.

ஓடு உடையாமல் சதை போனது எவ்வாறு? மன்னார் வளைகுடாவில், வௌவாலைப்போல் இறக்கை வீசி நீந்தும் புள்ளித் திருக்கைக்கும் சிப்பியும் சங்கினமுமே விருப்பமான இரை. அதன் இரு தாடைகளிலும் அகன்ற தட்டைப் பற்கள் ஒரே வரிசையாய் அமைந்திருக்கின்றன. இரையை ஓட்டோடு நொறுக்கி, ஓட்டுத் துண்டுகளைத் துப்பிவிட்டுச் சதையை விழுங்கும். நாரையின் அலகு நடுவே இடைவெளியுற்றுப் பாக்குவெட்டிபோல் தோன்றுதலின், அதுவும் அவ்வாறே ஓட்டை நசுக்குமெனப் பலர் எண்ணுவர். அஃது அன்று. கீழலகின் கூரிய நுனியை ஓட்டின் வாயிற் செலுத்தி, நத்தையை ஓட்டோடு பிணிக்கும் தசையை அறுத்து, உடலை வெளியே இழுத்துக்கொள்ளும். பெரும்பாலும் இவ்வேலை நீருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. குஞ்சுகளின் அலகில் இடைவெளியே இல்லை. வளர்ந்த பின்னரே அது தோன்றும்.

இரை ஓரினமாயினும் மனிதர்க்கு விளைவு வேறு. ஜப்பானில் ஆரியாக்கே கடலில், இத்திருக்கைக்கு நெருங்கிய இனமொன்று சிப்பிகளை அழிக்கிறதென்று 2001 முதல் அதனைப் பிடித்தொழிக்கலாயினர். நாரையின் கதை வேறு. தாய்லாந்தில் 1980களில் தென்னமெரிக்க நத்தை புகுந்து இளம்பயிரைத் தின்றழித்தது. அங்குள்ள நத்தைக்குத்தி நாரைகள் அந்நத்தையை இரையாகக் கொண்டு உழவர்க்கு உதவின.

திருக்கை ஒருமுறைக்குச் சில குட்டிகளையே ஈனும். நாரையும் சில முட்டைகளே இடும். அழித்தபின் மீளப் பெருகுதல் இரண்டிற்கும் எளிதன்று. கூடு கட்டும் மரம் போயின் நாரை வேற்றூர் தேடிப்போம்.

செங்கற்பட்டு ஜில்லா வேடந்தாங்கல் குடிகள் இதனை நெடுங்காலமாய் அறிவர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு எருவாதலின், அவற்றைச் சுடலாகாதென வேண்டி 1798இல் சர்க்காரிடம் கவுல் பெற்றனர். நாரைகள் இன்றும் அவ்வேரியின் கடப்ப மரங்களிற் கூடு கட்டுகின்றன.

மிதிப்பது பொய்யன்று. நாற்று வேர்பிடிக்கும் வரையில் ஆள் வைத்து ஓட்டுதலும், கயிறு கட்டுதலும் போதும். மிராசுதார் மரங்களை வெட்டவில்லை. நடவு வயலுக்குப் பத்து நாள் காவல் வைத்தார். கூலி மட்டும் சற்று அதிகமென்று சொன்னார்.